தபால் அண்ணனுக்கு ஒரு தூண்டில்

இனி ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்கியே தீருவது என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்தார். வாரத்தில் ஆறு நாள் கடையில் நின்றுகொண்டே ஊரார் மூக்குக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனுஷன். ஏழாம் நாள் வெயில் ஏறும்வரை புரண்டு படுக்க ஆசைப்பட்டால் அது பேராசையா? ஆனால் ஏழு மணி ஆனால் போதும், அழைப்புமணி அடித்துவிடும். வாசலில் தபால் அண்ணன் நிற்பார்.

முப்பத்தைந்து வருஷம் தபால் கொடுத்து ஓய்வு பெற்ற நண்பர் அவர். மனசு தங்கம், வாய்தான் ஓயாது. எந்தத் தெருவில் எந்த நாய் எந்த வருஷம் துரத்தியது என்று ஆரம்பித்தால், மத்தியானம்வரை நாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும். வராதீர்கள் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவும் மனசு வரவில்லை. மூளையைக் கசக்கிக் கசக்கிக் கடைசியில் ஒரு வழி கிடைத்தது. அண்ணனுக்குப் பிறந்தநாள் வருகிறது. புதிதாக மீன் பிடிக்கப் போகிறவருக்கு வேண்டிய சாமான் அத்தனையும் ஒரு பெட்டியில் போட்டுப் பரிசாகக் கொடுத்துவிட்டால், இனி நாய்க்கதை எல்லாம் ஏரிக்கரையில்தான். கேட்பதும் கேட்காததும் மீன் பாடு.

மனைவியிடம் பயந்து பயந்துதான் சொன்னார். ஒரு சீப்பு வாங்கினாலே ஏன், எதற்கு, பழசு எங்கே என்று குடைகிறவள். அவளோ, "நல்ல யோசனைங்க, செய்யுங்க" என்றாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று புரியாமல் கொஞ்ச நேரம் செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது.

தூண்டில் கடையில் அடுத்த குழப்பம். முள்ளுக்கு எண் உண்டாம். எண் கூடக் கூட முள் சின்னதாகுமாம். இவர் தொழிலில் எண் கூடினால் கண்ணாடி தடிக்கும். அதை ஒருவழியாக ஜீரணித்து நிமிர்ந்தபோது, எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடும் சுழியமும் இருந்தால் கதை தலைகீழ், அப்போது எண் கூடினால் முள்ளும் பெரிதாகும் என்றார் தூண்டில் விற்கிறவர். கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்போதும் விளங்கவில்லை.

கம்பு, ரீல், நைலான் நரம்பு, மிதக்கிற தக்கை, ஈயக்குண்டு, முள் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினார். மனைவி எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தாள். நரம்பை ரீலில் எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும்? தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? குண்டு எங்கே வரும்? அவர் ஒவ்வொரு சாமானாக எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்தார்.

"தெரியாத சாமானை எப்படிங்க பரிசா குடுக்கிறது? அண்ணன் கேட்டா முழிப்பீங்களா? போய்க் கேட்டுட்டு வாங்க."

நியாயமாகத்தான் பட்டது. வியாழக்கிழமைக்குள் மூன்று தடவை போய்க் கேட்டுவிட்டு வந்தார். கேட்டதை எல்லாம் வரி பிசகாமல் ஒப்பிக்கச் சொன்னாள். முள்ளின் காதில் நரம்பை நுழைத்து, ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியை வளையத்துக்குள் விட்டு, எச்சில் தொட்டு இறுக்குகிற முடிச்சை நாற்பது தடவை போட வைத்தாள். விரலில் முள் குத்தினால் மருந்து தடவிவிட்டு அடுத்த முள்ளை நீட்டினாள். இவளுக்கு மீன் விஷயத்தில் திடீரென்று என்ன இவ்வளவு அக்கறை என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. ஆனாலும் உள்ளூரப் பெருமை பிய்த்துக்கொண்டு போனது. விடிவதற்கு முன்னால் போனால்தான் மீன் நன்றாகக் கடிக்கும் என்று, அவள் கேட்காததையும் சேர்த்து அளந்தார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிறு ஏழு மணிக்கு அண்ணன் வந்தார். பெட்டியைக் கையில் வாங்கியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தவனுக்கு இன்றைக்குத்தான் ஒரு பார்சல் வந்திருக்கிறது என்றார். கண்ணாடிக்காரர் அவர் தோளைத் தட்டி, நல்லபடியாகப் போய்விட்டு வாருங்கள் என்று வாசலைக் காட்டினார்.

அண்ணன் நகரவில்லை. ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல தலை எது, வால் எதுன்னே தெரியலையே தங்கச்சி. இந்த வயசுல நான் யார்கிட்டப் போய்க் கத்துக்கிறது?"

"யார்கிட்டயும் போக வேண்டாம்ணே. இவருக்கு எல்லாம் அத்துப்படி. வாராவாரம் உங்க கூடவே வருவாரு."

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லத்தான் கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணன் ஆசையாக ஒரு முள்ளையும் நரம்பையும் நீட்ட, பாழாய்ப்போன விரல்கள் தாமாகவே ஐந்து சுற்றுச் சுற்றி முடிச்சை இறுக்கிவிட்டன. அண்ணன் மலைத்துப் போனார். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, விடிவதற்கு முன்னால் என்று மனைவியே பதில் சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு நாலரை மணிக்கு அழைப்புமணி அடித்தது. கண்ணாடிக்காரர் போர்வைக்குள்ளிருந்து மனைவியை உலுக்கி, எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிடேன் என்று கெஞ்சினார். அவள் கண்ணைத் திறக்காமலே அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சலெல்லாம் இல்லீங்க. கதவை மெதுவா சாத்திட்டுப் போங்க, நான் ஒன்பது மணிவரைக்கும் தூங்கணும்."