காணாமல் போன எண்ணெய் கண்டெடுக்கப்பட்ட விவரம்

தனக்குச் சொந்தமான பொருள் எதுவும் காணாமல் போகக் கூடாது என்பதில் மின்சார இலாகா படு கண்டிப்பு. சம்பளம் வாங்குகிறவர்கள் காணாமல் போகலாம், பொருள் போகக் கூடாது. ஆகவே, தையல்காரி வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ப் பீப்பாய்கள் அத்தனையும் காலி என்று தெரிந்ததும் அலுவலகமே ஆடிப்போனது.

புகார் கொண்டுபோனவள் தையல்காரிதான். அவளுக்குக் கைக்குழந்தை. அந்த எண்ணெயில் குளோரின் சேர்ந்த விஷம் இருக்கிறது, மண்ணில் மக்காது, உடம்பில் ஏறினால் லேசில் இறங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீரிலோ எண்ணெய் மினுங்கியது. பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா, கூடாதா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

"அதெல்லாம் அப்புறம்மா. மொதல்ல எண்ணெய் எங்க போச்சு?" என்றார் அதிகாரி.

"ஒழுகி மண்ணுக்குள்ள போயிடுச்சு சார்."

"இலாகா பொருளை வாங்கிக்க மண்ணுக்கு அதிகாரம் கிடையாதே."

மண்ணைச் சோதித்தார்கள், கிணற்றைச் சோதித்தார்கள், கடைசியில் அவள் ரத்தத்தையும் பாலையும் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று அதிகாரி முகத்தில் அப்படி ஒரு களை. அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"கண்டுபிடிச்சாச்சும்மா. எண்ணெய் உங்ககிட்டதான் இருக்கு."

"நான் கேட்டேனா சார்? எடுத்துக்கிட்டுப் போங்க."

"எடுக்க வழியில்லை. ஆனா அனுமதியில்லாம வச்சிருக்கீங்க. போதாக்குறைக்குத் தினமும் குழந்தைக்குக் கைமாத்தி விடுறீங்க. சட்டப்படி பெரிய தப்பு."

அவள் மூலையிலிருந்த பானையைக் கைகாட்டினாள். "அப்போ ஊரே திருடங்கதான். உங்க ஆபீஸ் பானையிலயும் அதே கிணத்துத் தண்ணிதான்."

வாயைக் கொடுத்திருக்கக் கூடாது. ஊர் முழுக்க ரத்தம் எடுத்தார்கள். எல்லாரிடமும் இருந்தது. அதிகாரியிடம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது, பதவிக்கு அதுதானே அழகு. காணாமல் போனதாகக் கருதப்பட்ட எண்ணெய் பொதுமக்களின் பாதுகாப்பில் பத்திரமாக உள்ளது என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் நெகிழ்ந்துபோய் ஊராரைக் 'கௌரவக் கிடங்குகள்' என்று அறிவித்தது. ரத்தத்தில் உள்ள அளவுக்குத் தக்கபடி தங்கம், வெள்ளி என்று சட்டையில் குத்திக்கொள்ள வில்லைகளும் வந்தன.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை! வில்லை இல்லாமல் கடைத்தெருவுக்குப் போவது கேவலம் என்றாகிவிட்டது. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளைக்கு எந்த வில்லை என்று கேட்டார்கள். தையல்காரியின் நாத்தனாருக்கு வெள்ளிதான் கிடைத்தது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க நேத்து வந்தவங்க, உங்களுக்குத் தங்கம். நான் பொறந்ததிலேருந்து அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறேன். எனக்கு வெள்ளியா?"

"அடி பைத்தியமே, அது விஷம்டி."

"விஷம்னா வில்லை குடுப்பாங்களா?"

இவளிடம் பேசிப் பயனில்லை என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடி அலுவலகத்துக்குப் போனாள். வெள்ளியைத் தங்கமாக மாற்றக் கேட்டு வாசல்வரை வரிசை நின்றது.

"சார், நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலை. பால் குடுக்கலாமா, கூடாதா?"

"தாராளமா குடுங்கம்மா. இப்ப நீங்க அங்கீகாரம் பெற்ற கிடங்கு. குழந்தையைக் கிளைன்னு பதிவு பண்ணியாச்சு." குழந்தையின் சட்டையில் ஒரு குட்டித் தங்க வில்லையைத் தம் கையாலேயே குத்திவிட்டார்.

அவள் அதைப் பிடுங்கி எறிந்தாள். வரிசையில் பின்னால் நின்ற பெண் குனிந்து எடுத்தாள், முந்தானையில் துடைத்தாள், தன் இடுப்பிலிருந்த குழந்தைக்குக் குத்தி அழகு பார்த்தாள்.

"வேணாம்னா எங்ககிட்ட குடுத்திருக்கலாமில்ல? இப்படியா வீசுறது?" என்றாள்.