கப்பல் நைனா

கடலோர ஊர்களில் கப்பல்காரர்கள் இருப்பார்கள், அதில் அதிசயமில்லை. கடலுக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் உள்ளே, எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறையாக நிற்கும், அப்பாவை நைனா என்று கூப்பிடும் செஞ்சி மாதிரி ஊரில்தான் ‘கப்பல் நைனா’ என்கிற இனம் செழித்து வளர்கிறது. மகனைக் கப்பல் இன்ஜினியரிங் படிக்கவைத்தவர், அந்த நாளிலிருந்து தரையில் கால் பாவாதவர், தான் மட்டும் மரக்காணத்தில் ஒரே ஒரு முறை முழங்கால் நனைய நின்றவர். இவ்வளவு தகுதியும் ஓர் ஆளிடம் சேர்ந்தால் அவர் கப்பல் நைனா.

தொண்டூர் சுந்தரமூர்த்தியை முதன்முதலில் சந்திப்பது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் நடக்கும். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பீர்கள். பக்கத்தில் ஒரு கை நீளும், கையில் ஒரு போன்.

“தம்பி, இது இன்னா எடம்னு கொஞ்சம் படிச்சிச் சொல்லேன்.”

பாவம், பெரியவர் உதவி கேட்கிறார் என்று குனிந்து பார்ப்பீர்கள். நீலத் திரை. நடுவே ஒரு பச்சை அம்பு.

“மலாக்கா ஜலசந்தின்னு போட்டிருக்குங்க.”

“ஆங், அதான். எம்புள்ள போய்க்கினு இருக்கான்.”

அவருக்கு இடம் தெரியாமலா கேட்டார்? உங்களுக்குத் தெரியவேண்டும், அதற்காகக் கேட்டார். அதற்குப் பிறகு உங்கள் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸும் போய்விடும்.

திண்டிவனம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் பதினைந்து நாட்டிக்கல் மைல் என்பார். கோட்டைக்கு வழி கேட்கும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் அம்பு, அப்புறம்தான் வழி. மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவரிடம் போய், “உன் இஞ்சினை நீ வெளியில நின்னு பாக்குற. என் புள்ள இஞ்சினுக்குள்ள எறங்கி நின்னு பாப்பான். ஒரு சிலிண்டருக்குள்ள நாலு பேரு உக்காந்து சோறு துன்னலாம்” என்பார். அந்த மனிதர் கையிலிருக்கும் ஸ்பேனரைப் பார்ப்பார், இவரைப் பார்ப்பார், மறுபடி ஸ்பேனரைப் பார்ப்பார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தப் படிப்பு லேசுப்பட்டதல்ல. அந்த வீட்டில் பிளஸ் டூ தாண்டிய முதல் ஆள் மகன் ரஞ்சித். நான்கு வருடம் விடிவதற்கு முன் அணிவகுப்பு, பகலெல்லாம் பட்டறை, பாய்லர், பம்ப், இங்கிலீஷ் என்று ஒரு பேப்பரையும் விடாமல் தேறியவன். அவன் படிப்பில் கேலிக்கு இடமில்லை. கேலியெல்லாம் நைனாவுக்குத்தான். முதல் வருடப் பொங்கலுக்கு வந்த பையனைத் தோளில் பட்டையோடு வெள்ளை யூனிஃபார்மை மாட்டச் சொல்லி, மாட்டு வண்டியில் நிற்கவைத்து, ஊரைச் சுற்றிக் காட்டிய மனிதரை வேறென்ன செய்வது?

படிப்பு முடிந்தது. கப்பல் வரவில்லை. பட்டம் வாங்கினால் கப்பல் காலேஜ் வாசலிலேயே வந்து நிற்கும் என்று நைனா நினைத்திருந்தார். ரஞ்சித் சென்னை மண்ணடியில் ஐந்து பேரோடு ஓர் அறையில் தங்கி, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினான். பதினான்கு மாதம். “அடுத்த வாரம் சொல்றோம்” என்பதைத் தவிர அவன் வேறெதையும் கேட்கவில்லை.

ஒருநாள் டீக்கடையில் பக்கத்து நிலத்துக்காரர் பாண்டுரங்கன் கேட்டார்:

“இன்னா சுந்தரம், உன் புள்ள ஏறப்போற கப்பலை இன்னும் கட்டிக்கினுதான் இருக்கானுங்களா?”

கடை சிரித்தது. சுந்தரமூர்த்தி அங்கேயே போனை எடுத்தார், ஸ்பீக்கரில் போட்டார்.

“டேய், கப்பல் பேரச் சொல்றா. எல்லாம் கேட்டுக்கினு இருக்காங்க, சத்தமா சொல்லு.”

ரஞ்சித் அப்போது ஒரு கம்பெனி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எதிர்ச் சுவரில் காலண்டர். காலண்டரில் ஒரு கப்பல். அதன் வயிற்றில் எழுதியிருந்ததை வாசித்தான்:

“ஈஸ்டர்ன் ஜாஸ்மின், நைனா.”

அவ்வளவுதான் அந்தப் பையன் செய்த குற்றம். செஞ்சியில் செல்போன் கடை வைத்திருக்கும் தௌசீஃப் அரை மணி நேரத்தில், கப்பல்கள் போகும் இடத்தைக் காட்டும் ஆப்பில் அந்தப் பெயரைத் தேடி, பச்சை அம்பாக நைனாவின் போனில் இறக்கிக் கொடுத்துவிட்டான்.

அன்றிலிருந்து ரஞ்சித்துக்கு இரண்டு வேலை. பகலில் கப்பல் தேடவேண்டும். மாலையில், ஏறாத கப்பல் எங்கே போகிறது என்று தன் போனிலும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நைனா மடக்கிவிடுவார்.

“டேய், அங்க அலை பெருசா இருக்குதாம். வாந்தி வருதா?”

“லேசா வருது நைனா.”

“அது இன்னாடா, பின்னாடி ‘கீரே, கீரே’ன்னு ஒரு சத்தம்?”

“அது… சமையல்காரரு தமிழ்ப் படம் பாக்கறாரு நைனா.”

அம்மா ஆண்டாள் போனை வாங்கினால் ஒரே கேள்விதான்: “சாப்டியா?” அந்தக் கேள்விக்கு மட்டும் அவன் பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை. சில நாள் அதற்கும் இருந்தது.

இப்படியே ஐந்து மாதம் ஓடியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அம்பு திரும்பியது. இலங்கையைச் சுற்றிக்கொண்டு வடக்கே மூக்கை நீட்டியது. தௌசீஃப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “மாமா, சேருமிடம் சென்னைன்னு போட்டிருக்கு. ஞாயித்துக்கெழமை காலையில” என்றான்.

ரஞ்சித்தும் மண்ணடி அறையில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். உலகத்தில் எத்தனை துறைமுகம்! போனை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

நைனா வேன் பேசினார். பதினெட்டுப் பேர். இரண்டு தூக்கு அதிரசம், ஒரு மூட்டை மல்லாட்டை, அதாவது வறுத்த வேர்க்கடலை, ஆண்டாள் கையால் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். முன் சீட்டில், நைனாவே வற்புறுத்தி ஏற்றிய பாண்டுரங்கன். கப்பல் நைனாவுக்குச் சாட்சி முக்கியம். நம்பாதவன் சாட்சியாக வந்தால் இன்னும் விசேஷம்.

துறைமுக வாசலில் காவலர் தடுத்தார். “பாஸ் இருக்குதா?”

“பாஸா? எம்புள்ள கப்பல் சார்!”

“உங்க புள்ள கப்பலா இருந்தாலும் பாஸ் வேணும்.”

பதினெட்டுப் பேரும் வாசலைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். உள்ளே கிரேன்களின் தலை தெரிந்தது. போனில் அம்பு சின்ன வட்டமாகிவிட்டிருந்தது. கப்பலைக் கரையில் கட்டியாயிற்று என்று அர்த்தம். நைனா ஒரு மணி நேரமாகப் போன் அடித்தபின் ரஞ்சித் எடுத்தான். “வர்றேன்” என்று ஒரே வார்த்தை.

வந்தான். வாசல் வழியாக அல்ல. எல்லோருடைய முதுகுக்கும் பின்னால், மாநகரப் பஸ்ஸிலிருந்து இறங்கி, வெளுத்த டீ சர்ட்டும் ரப்பர் செருப்புமாக ரோட்டைக் கடந்து வந்தான்.

முதலில் பார்த்தது பாண்டுரங்கன். “இன்னாப்பா, கப்பலு உள்ள நிக்குது, மாலுமி பஸ்ல வர்றான்?”

சுந்தரமூர்த்தி திரும்பினார். மகனுடைய செருப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். எல்லாம் புரிய அவருக்கு இரண்டு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. புரிந்ததும் அழுதாரா? கையை ஓங்கினாரா? நீங்கள் இன்னும் இந்த இனத்தைப் புரிந்துகொள்ளவில்லை.

“யோவ், விடியக்காலமே எறங்கிட்டான்யா! ஆத்தாளுக்குப் பொடவை எடுக்கப் போயிருப்பான், ஞாயித்துக்கெழமை, கடை தொறக்கல. இன்னாடா?”

ரஞ்சித் தலையாட்டினான். ஆண்டாள் குழம்புத் தூக்கைத் திறந்து, அங்கேயே நடைபாதையில் மகனுக்குச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்த பிறகு பாண்டுரங்கன்கூட அதிரசத் தூக்கை அவன் பக்கம் நகர்த்திவைத்தார்.

வேன் கிளம்புமுன் நைனா அவனை ஓரமாக இழுத்தார். “ஏண்டா எங்கிட்ட சொல்லல?”

“நீ கப்பல் பேருதான் கேட்ட, நைனா. ஏறுனியான்னு கேக்கவே இல்லியே.”

சுந்தரமூர்த்தி போனை எடுத்து அந்த வட்டத்தை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: “பரவால்ல வுடு. நல்ல கப்பலாத்தான் பாத்துச் சொல்லியிருக்க.”

சிரித்துவிட்டீர்களா? சரி. உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். மகள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கட்டடம், மகனுடைய அமெரிக்கப் பனி, பேரன் வாங்கிய கோப்பை, கேட்காதவர்களிடமும் நீட்டத் தயாராக ஏதாவது ஒன்று இருக்குமே? நீட்டுங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் ஒருமுறை, பிள்ளை அதில் ஏறினதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

ரஞ்சித் இப்போது ஷார்ஜா பக்கம், மற்ற கப்பல்களுக்கு எண்ணெய் கொண்டுபோய் ஊற்றும் ஒரு பழைய சின்னக் கப்பலில் ஜூனியர் இன்ஜினியர். இந்த முறை நிஜமாகவே ஏறிவிட்டான், ஏழு மாதமாகிறது. அந்தக் கப்பலின் அம்பைத் தௌசீஃப் தேடியெடுத்துக் காட்டினான். “ரொம்ப சிறுசா இருக்குதே” என்று சொல்லிவிட்டார் சுந்தரமூர்த்தி. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவர் இன்றைக்கும் நீட்டுவது ஈஸ்டர்ன் ஜாஸ்மினைத்தான். நேற்று அது கொழும்பைத் தாண்டியது.