அறுபத்தோராவது வாக்கு

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் அறுபது பேர். பெட்டியில் இருந்த சீட்டுகளோ அறுபத்தொன்று. யுஸ்தினா பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள்.

நிஜத் தேர்தல் புதன்கிழமை. போன முறை இந்தோனேசியாவின் அந்தக் காலிமந்தான் கிராமத்தில் பாதிப் பேர் ஓட்டுப் போடவே வரவில்லை. அதனால்தான் அவளுடைய தொண்டு நிறுவனம் இந்த ஒத்திகையை வைத்தது. வேட்பாளர்கள் துரியானும் மங்குஸ்தானும். பிடித்த பழத்தின் படத்தில் ஆணியால் குத்திவிட்டு, விரலை மையில் முக்க வேண்டும். ஜெயிக்கிற பழத்தின் கன்றை ஊர் மண்டபத்து வாசலில் நடுவதாக யுஸ்தினா வாக்குக் கொடுத்திருந்தாள். ஆர்வம் வரட்டும் என்று நினைத்தாள். அளவுக்கு மீறியே வந்துவிட்டது.

துரியான் முப்பத்தொன்று. மங்குஸ்தான் முப்பது.

"கள்ள ஓட்டு!" என்றது மங்குஸ்தான் கட்சி.

"தோத்துட்டா இதைத்தானே சொல்லுவீங்க!" என்றார் துரியான்காரர் ரெமிகியுஸ்.

யுஸ்தினா மறுபடி எண்ணினாள். எண்ணிக்கை மாறவில்லை. புதுச் சண்டைதான் கிளம்பியது.

"அக்கா, இந்த ஓட்டையைப் பாருங்க. ஆணி குத்தினதா இது? துரியான் பழத்து முள்ளுல குத்தியிருக்கான்!" என்றான் ஒரு மங்குஸ்தான்காரன்.

"சரி, எல்லாரும் விரலைக் காட்டுங்க," என்றாள் யுஸ்தினா.

மை பட்ட விரல்கள் எழுபத்து நான்கு. பிள்ளைகள் மைப்புட்டியில் விளையாடியிருந்தார்கள். ஒரு கோழிக்கும் அலகு நீலமாக இருந்தது.

"அது எந்தக் கட்சி?" என்றார் ரெமிகியுஸ்.

ஊர்த்தலைவர் சபினுஸ் சிரிக்கவில்லை. "ஏம்மா, பழத்துக்கே இவ்வளவு தில்லுமுல்லுன்னா புதன்கிழமை என்ன கூத்து நடக்குமோ! நாங்க தோட்ட வேலையைப் பாத்துட்டுப் போறோம்."

பெஞ்சுகள் நகர்ந்தன. மூன்று மாதம் யுஸ்தினா வீடு வீடாக ஏறி இறங்கியதெல்லாம் வீணாகப் போகிற மாதிரி இருந்தது.

"உக்காருங்கய்யா. யாரும் ஏமாத்தல."

சொன்னது அப்பொலோனியா. புருஷனை அடக்கம் செய்து நான்கு மாதம் ஆகிறது. காலையிலிருந்து தொண்டை கட்டும்வரை மங்குஸ்தானுக்கு ஆள் சேர்த்தவள், சீட்டு எண்ணியதிலிருந்து வாயே திறக்கவில்லை.

அவள் சுண்டுவிரலைக் காட்டினாள். "இது என் ஓட்டு. மங்குஸ்தானுக்கு." பக்கத்திலிருந்த மோதிர விரலிலும் மை. "இது அவரோடது. நாப்பது வருஷமா நான் கைகாட்டின இடத்துலயே குத்தின மனுஷன். இன்னைக்கு ஒரு நாளாவது அவரு இஷ்டத்துக்கு விடுவோமேன்னு துரியான்ல குத்தினேன். பாருங்க, என்னையே தோக்கடிச்சுட்டாரு!"