லைப்ரரிக்கு முன்னால் யார் நிற்பது?

ஓர் ஆவணத்தில் பெயர்கள் பதவி வரிசைப்படி வரவேண்டும் என்பது எங்கள் வாரியத்தின் முதல் விதி. இரண்டாவது விதி இதுவரை எழுதப்படவில்லை. அதில் யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று முடிவாகவில்லை.

லோகோஜாவில் நைஜர் ஆறும் பெனுவே ஆறும் கலக்கிற இடத்துக்கு மேலே, தண்ணீர் எட்டாத மேட்டில் இருக்கிறது எங்கள் இருநதி நீர்மட்ட முன்னறிவிப்பு வாரியம். ஆறு என்றைக்கு எவ்வளவு ஏறும் என்று கீழே இருக்கிற ஊர்களுக்கு முன்கூட்டிச் சொல்வது எங்கள் கடமை. நான் அட்டாபோ. இருபத்திரண்டு வருஷமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன். யார் என்ன பேசினார்கள் என்பதைக்கூடச் சில சமயம் விட்டிருக்கிறேன்; யார் பெயருக்குப் பின்னால் யார் பெயர் என்பதில் ஒரு நாளும் பிசகியதில்லை.

அந்த வருஷம் மந்திரி எங்களுக்கு ஒரு லைப்ரரி வாங்கிக் கொடுத்தார். புத்தகம் ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை ஒரே மூச்சில் தீர்க்கிற மாதிரி கெட்டிக்காரர்கள் யாரோ எழுதி, சோதித்துப் பார்த்து, ஒரே கோப்பாகக் கட்டிவைத்த கணக்குகள். நம்முடைய ப்ரோக்ராம் அதனிடம் போய் "இதைத் தீர்த்துக் கொடு" என்று கேட்டால் தீர்த்துக் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை எப்படித் திறந்துவைப்பது என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கம்ப்யூட்டருக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினோம். மந்திரி வெட்டியதில் மவுஸ் வயரும் சேர்ந்து அறுந்தது.

விழாவுக்கு எல்லாரும் ஒரே துணியில் தைத்துப் போட்டுக்கொள்வதுதானே இப்போது வழக்கம். நீலத் துணியில் வரிசையாக, நீட்டி இழுத்த S மாதிரி இருக்கிற தொகையீட்டுக் குறி அச்சடித்து, ஆண்களுக்கு அங்கி, பெண்களுக்குத் தலைக்கட்டு. தையல்காரர் துணியைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார் என்று கணக்குப் பிரிவுப் பெண்கள் சண்டைக்குப் போனார்கள். அந்தக் குறியைத் தலைகீழாகப் பார்த்தாலும் அப்படியேதான் இருக்கும் என்று உனேக்வு அடெஜோ சொன்ன பிறகுதான் அந்த மனிதர் பிழைத்தார்.

இந்த உனேக்வுதான் எங்கள் வாரியத்தில் லைப்ரரியைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரே ஆள். அதனாலேயே கீழ்மட்டத்தில், எட்டாம் படிநிலையில் இருந்தாள். செப்டம்பர் நடுவில் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து வந்த நீர்மட்ட அளவுகளைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. கீழே எக்பேலாவில் அவள் தங்கை ஒஜோமாவும் ஊர்க்காரர்களும் போட்டிருந்த சேனையெல்லாம் இன்னும் மண்ணுக்குள் இருந்தது. தோண்டி எடுத்து மேட்டில் சேர்க்க மூன்று நாளாவது வேண்டும். தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரிந்தால் போதும். பதினோரு நாள் உட்கார்ந்து ப்ரோக்ராம் எழுதி, கம்பைல் செய்து முடித்தாள். இனி அதை லைப்ரரியோடு சேர்த்துக் கட்டவேண்டியதுதான் பாக்கி. லிங்க் செய்வது என்பார்கள்; அதைச் செய்கிற கருவிக்கு லிங்கர் என்று பெயர். ஒரே ஒரு வரிக் கட்டளை.

அந்த ஒரு வரி, அரசாங்க இயந்திரத்துக்கு எழுத்துமூலம் இடப்படும் ஆணை என்பதால், திங்கட்கிழமை காலை கோப்பில் வைக்கப்பட்டு மேலே போனது. மேலே என்றால் எங்கள் இயக்குநர், பொறியாளர் சீஃப் டாக்டர் தெர்ஹெம்பா இயோர்கேர். பட்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் எல்லாரும் முதலாளி என்கிற அர்த்தத்தில் ஓகா என்றே கூப்பிடுவோம். பக்கத்தில் மரியாதைமுறை அதிகாரி அல்ஹாஜி என்டாகி உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இது என்ன? முதல்ல உன் ப்ரோக்ராம் பேரு இருக்கு. அதுக்குப் பின்னால லைப்ரரி பேரு இருக்கு."

"ஆமா ஓகா. அப்படித்தான் எழுதணும்."

"மந்திரி கையால திறந்து வெச்ச லைப்ரரி. எட்டாம் படிநிலை எழுதின ப்ரோக்ராமுக்குப் பின்னால நிக்கணும்னு சொல்றே."

"நிக்கறது இல்ல ஓகா, லிங்கர் படிக்கற வரிசை அது."

"படிக்கறவன் யாரா இருந்தா என்ன? அல்ஹாஜி, நீங்க சொல்லுங்க."

அல்ஹாஜி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மாத்திப் போடச் சொல்லுங்க ஓகா. நாளைக்கு யாராவது படம் பிடிச்சு அபுஜாவுல மந்திரிக்கு அனுப்பினா நம்ம கதி என்ன?"

மாற்றிப் போட்டார்கள். முதலில் லைப்ரரி, பின்னால் ப்ரோக்ராம். லிங்கர் நாற்பத்திரண்டு வரியில் புலம்பியது: இந்தப் பெயரைக் காணோம், அந்தப் பெயரைக் காணோம். ஓகா அதை முழுவதும் படித்துவிட்டு, இவ்வளவு பெயர் காணாமல் போயிருக்கிறதே, வருகைப் பதிவேட்டைக் கொண்டுவா என்று என்னிடம் சொன்னார்.

உனேக்வு பொறுமையாக விளக்கினாள். "லிங்கர் இடது பக்கத்துலேர்ந்து ஒவ்வொரு பேராப் படிச்சிட்டு வரும் ஓகா. லைப்ரரி முதல்ல வந்தா, இதுவரைக்கும் யாராச்சும் ஏதாச்சும் கேட்டிருக்காங்களான்னு பாக்கும். யாரும் கேக்கலேன்னா ஒண்ணையும் எடுக்காம அடுத்ததுக்குப் போயிடும். அப்புறம்தான் என் ப்ரோக்ராம் வந்து கேக்கும். அதுக்குள்ள லைப்ரரியத் தாண்டியாச்சு. திரும்பிப் போகாது."

"அதாவது," என்றார் அல்ஹாஜி, "அதிகாரி காலைல ஆபீசுக்கு வர்றாரு. மனு கொடுக்க யாரும் இல்ல. பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடறாரு. அப்புறமா மனுக்காரன் வந்து நிக்கறான்."

"அதேதான் அல்ஹாஜி."

"இதுல என்னம்மா தப்பு? நம்ம ஆபீஸ் அப்படித்தானே நடக்குது."

 நான் குறிப்பில் 'ஆமோதிக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் எல்லாரும் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் கலைந்த நேரத்தில் உனேக்வு கட்டளையைச் சரியான வரிசையில் அடித்தாள். லிங்கர் ஒரு வார்த்தை பேசாமல் வேலையை முடித்தது. ப்ரோக்ராம் ஓடி ஓர் எண்ணைக் கொடுத்தது: வெள்ளிக்கிழமை, பதினோரு மீட்டர் இருபது சென்டி. எக்பேலாவின் சேனை வயலெல்லாம் தண்ணீருக்குள் போகிற அளவு. அவள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓகாவிடம் ஓடினாள்.

"அனுமதி இல்லாம லிங்க் பண்ணியா?"

"பண்ணிட்டேன் ஓகா. தண்டனை எதுவா இருந்தாலும் கொடுங்க. ஆனா இன்னிக்கே அறிவிப்பு போயிடணும்."

"அனுமதி இல்லாமப் பொறந்த நம்பரை எப்படிம்மா அறிவிக்கறது? நாளைக்கு அதோட அப்பன் யாருன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

உனேக்வு தங்கைக்குப் போன் செய்தாள். ஊராரும் கேட்கட்டும் என்று ஒஜோமா போனைச் சத்தமாக வைத்தாள். எக்பேலா ஊர்த்தலைவர் எதையும் மறுக்கவில்லை. முத்திரை போட்ட காகிதம் எங்கே என்று மட்டும் கேட்டார். போனில் முத்திரை தெரியாது என்று உனேக்வு சொன்னதற்கு, அதனால்தான் போனை நம்புவதில்லை என்றார். அவள் போனை வைத்துவிட்டு மேசையில் தலை கவிழ்ந்தாள்.  இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குக் குறிப்பேட்டைத் தூக்கி ஜன்னல் வழியே எறியத் தோன்றியது. எறியவில்லை, எறிந்தால் நான்தான் போய்ப் பொறுக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை குழு கூடியது. ப்ரோக்ராமைப் பதவி உயர்த்திவிட்டால் அது முன்னால் நிற்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. பதவி உயர்வுக்கு மூன்று வருஷ சேவை வேண்டும். ப்ரோக்ராமுக்குப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. தவிர, மருத்துவச் சான்றிதழ் யார் கொடுப்பது? அப்படியானால் சீஃப் பட்டம் கொடுத்துவிடலாம் என்றார் அல்ஹாஜி. அந்த வருஷம் பட்டம் இல்லாதவனுக்கு லோகோஜாவில் கல்யாண அழைப்புக்கூட வராது. பந்தல், முரசு, ஜொலோஃப் சோறு என்று பட்டியல் போடும்வரை போய்விட்டது. ஓகாதான் தடுத்தார்.

"அது சீஃப் ஆயிட்டா நானும் அதுவும் ஒண்ணா?"

"நீங்க டாக்டரும் ஆச்சே ஓகா."

"அடுத்த வாரம் அதுக்கு டாக்டர் பட்டமும் கொடுப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

உனேக்வு ஒரு வழி சொன்னாள். "லைப்ரரி பேரை மரியாதைக்கு முதல்ல போடறேன் ஓகா. அப்புறம் ப்ரோக்ராம். அப்புறம் வேலைக்காக லைப்ரரி பேரை இன்னொரு தடவை கடைசியில போட்டுக்கறேன். லிங்கர் ஒத்துக்கும்."

"முதல்ல வந்தவர் கடைசியிலயும் போய் நிக்கணுமா?" என்றார் அல்ஹாஜி. "அதுக்குப் பேரு பதவி இறக்கம்மா."

புதன்கிழமை கூட்டம் நடக்கவில்லை. ஓகாவுக்கு எக்பேலாவில் ஆற்றங்கரை ஓரமாக ஓய்வு பங்களா ஒன்றும், கெளுத்தி மீன் குளம் இரண்டும் உண்டு. அன்று காலை அவர் அங்கே சென்று, தோல் சோபா, குளிர்சாதனப் பெட்டி, தன் படம் மாட்டிய மூன்று சட்டங்கள் எல்லாவற்றையும் படகில் ஏற்றி மேட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அல்ஹாஜி தன் செம்மறிக் கிடாய்களை மச்சினன் வீட்டுக்கு ஓட்டிவிட்டார். நானும் யோக்கியன் இல்லை. கரையோரம் குளிர்பானம் விற்கிற என் மனைவியின் ஃப்ரீஸரை நாலு பேரை வைத்துத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதிகாரபூர்வமாக இல்லாத ஓர் எண்ணுக்கு இவ்வளவு மரியாதையை நான் பார்த்ததே இல்லை.

உனேக்வு மட்டும் அலுவலகத்தில் உட்கார்ந்து லிங்கரின் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். வியாழக்கிழமை மத்தியானம் ஓகா திரும்பியதும் எதிரில் போய் நின்றாள்.

"ஓகா, இதுக்கு ஒரு அடைப்புக் குறி இருக்கு. பேரையெல்லாம் அதுக்குள்ள எந்த வரிசையில வேணா போடலாம். கேட்டதெல்லாம் கிடைக்கற வரைக்கும் லிங்கர் திரும்பத் திரும்பச் சுத்தி வரும். யாரு முன்னால, யாரு பின்னாலன்னு பாக்காது."

அல்ஹாஜியின் முகம் மலர்ந்தது. "மேடையில எல்லார் பேரையும் சொல்ல நேரமில்லேன்னா, 'சகல மரியாதைகளும் செலுத்தப்பட்டதாகக் கொள்ளவும்'னு சொல்லுவோமே. அதுதானே இது?"

"அதேதான்."

"இதை நீ திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாமே. எங்க நேரத்தை இப்படி வீணடிச்சிட்டியே."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். அடைப்புக் குறிக்குள் லைப்ரரி முன்னால், ப்ரோக்ராம் பின்னால். லிங்கர் சுற்றிச் சுற்றி வந்து கட்டி முடித்தது. அதே வெள்ளிக்கிழமை, அதே பதினோரு மீட்டர் இருபது. நான் அறிவிப்பைத் தட்டச்சு செய்து ஓகாவின் அறைக்குக் கொண்டுபோனேன். ஓகா அதற்குள் கெளுத்தி மீனைப் பார்க்க மறுபடி எக்பேலாவுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. அறிவிப்பு எல்லா ஊருக்கும் போனது: வெள்ளிக்கிழமை ஆறு பதினோரு மீட்டர் இருபது சென்டி ஏறும். அது போய்ச் சேர்ந்தபோது ஆறு ஏறி ஒரு நாள் ஆகியிருந்தது, சரியாகப் பதினோரு மீட்டர் இருபது. வாரியத்தின் வரலாற்றில் முன்னறிவிப்பும் உண்மையும் இப்படி ஒரு சென்டிகூட விலகாமல் பொருந்தியது இதுவே முதல் முறை என்று அமைச்சகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. லைப்ரரிக்கு நன்றி, மந்திரிக்கு நன்றி, ஓகாவுக்கு நன்றி. உனேக்வு பெயர் இல்லை. சகல மரியாதைகளும் செலுத்தப்பட்டதாகக் கொள்ளவும் என்று கடைசியில் இருந்தது.

திங்கட்கிழமை காலை எக்பேலா ஊர்த்தலைவர் பெரிய அங்கியும் சிவப்புத் தொப்பியுமாக எட்டுப் பேரோடு படியேறி வந்தார். கூட ஒஜோமாவும் வந்திருந்தாள். ஓகா பின்வாசல் வழியாகக் கூட்டத்துக்குப் போய்விட்டார். அல்ஹாஜி என்னைப் பார்த்தார். நான் உனேக்வைப் பார்த்தேன். அடி விழுந்தால் வாங்கிக்கொள்வது என்று அவள் எழுந்து முன்னால் வந்தாள்.

"தலைவரே, தப்பு எங்க மேலதான். சேனை எவ்வளவு போச்சு?"

"சேனையா? ஒண்ணும் போகல. புதன்கிழமையே தோண்ட ஆரம்பிச்சு, வெள்ளிக்கிழமை தண்ணி ஏறறதுக்குள்ள மேட்டுல ஏத்திட்டோம்."

"முத்திரை இல்லாம நம்பமாட்டேன்னு சொன்னீங்களே?"

"உன் பேச்சை யாரு நம்பினா? உங்க ஓகா சோபாவைப் படகுல ஏத்தினாரு. ஊரே கரையில நின்னு பாத்துச்சு. சோபா அக்கரை சேர்றதுக்குள்ள நாங்க மண்வெட்டியை எடுத்துட்டோம்."

உனேக்வு நாற்காலியில் உட்கார்ந்தே விட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "அப்புறம் எதுக்குத் தலைவரே இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

தலைவர் அங்கிக்குள்ளிருந்து எங்கள் அறிவிப்பை எடுத்து, மடிப்பைப் பிரித்து மேசைமேல் வைத்தார். ஊர்ப் பெயர்கள் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"எங்க ஊரு பேரு மூணாவதா இருக்கு. பக்கத்து ஊரு ஒனுகா பேரு எங்களுக்கு மேல இருக்கு. ஒனுகா தலைவனோட தாத்தா எங்க தாத்தாவுக்குக் குடை பிடிச்சவன்."

"அது ஆறு வர்ற வரிசை தலைவரே. தண்ணி முதல்ல ஒனுகாவுக்குத்தான் வரும்."

"தண்ணி யாருக்கு வேணா முதல்ல வரட்டும். காயிதத்துல நாங்கதான் முதல்ல."

"ஒஜோமா, நீயாவது சொல்லேன்," என்றாள் உனேக்வு.

ஒஜோமா தலைக்கட்டைச் சரிசெய்துகொண்டாள். "அவர் கேக்கறது நியாயம்தானேக்கா. ஒனுகாக்காரங்க படகுல போறப்பல்லாம் அந்தக் காயிதத்தை ஆட்டி ஆட்டிக் காட்டறாங்க."

"தண்ணி வந்த மறுநாள் வந்த காயிதம்டி அது. அதுல மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன?"

தலைவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தண்ணிக்கு நாங்க சோபாவைப் பாத்துக்கறோம் மகளே. காயிதம் மரியாதைக்கு."

அல்ஹாஜி எழுந்து வந்து தலைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அல்ஹாஜிக்குக் கண் கலங்கியிருந்தது. திருத்திய அறிவிப்பு அன்றைக்கே, ஒரு மணி நேரத்துக்குள், முத்திரையோடு வெளியே போனது.