மாமியின் முதல் வோட்டு

மரியாதை தெரிந்த மனுசனாக இருப்பது சில வேலைகளுக்குச் சரிவராது. தேர்தல் மேசையில் சீல் குத்துவது அதில் ஒன்று. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பட்டது நான் மட்டுமென்றால் பரவாயில்லை.

உள்ளூராட்சித் தேர்தல் வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஒஸ்லோவின் மேற்குப் பக்கத்துக்காரர் மழையிலும் வரிசையில் நின்று வாக்களிப்பார்கள். எங்கள் குரோருட் பக்கத்தில் வாக்களிப்பு நிலையம் ஈயோட்டும். (எங்கட சனம் அரசியல் கதைக்காது என்று நினைக்க வேண்டாம். கலியாண வீட்டில் ஐந்து நாட்டு அரசாங்கத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் ஐஸ்கிறீம் குடிக்கும்.) நான் அப்போது பெரிய புத்திமான். மீன்கடை, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு என்று கண்ட இடமெல்லாம் ஆட்களை மறித்து, "வோட்டுப் போட்டாத்தான் எங்களை மதிப்பாங்கள்" என்று பிரசங்கம் வைத்தேன். என்னைத் தூரத்தில் கண்டதும் சனம் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தது.

ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒரு தோல்வி இருந்தது. என் மாமி, அதாவது என் மனைவி சுமதியின் தாய், வாழ்க்கையில் ஒருதரமும் வாக்களித்ததில்லை. ஊரில் வயது வந்த காலத்தில் சண்டை, இடம்பெயர்வு. இங்கு வந்து முப்பது வருசம் பள்ளிக்கூடம் துப்புரவாக்கிய மனுசிக்குத் தேர்தல் என்பது வேறு ஆட்களின் அலுவல்.

"நான் ஒருத்தி போட்டு என்னத்தைக் கிழிக்கப்போறன் தம்பி? என்ரை வோட்டை ஆர் எண்ணப்போறாங்கள்?"

"கட்டாயம் எண்ணுவாங்கள் மாமி. அதுக்கு நான் பொறுப்பு."

அப்படிச் சொன்ன வாயில் கொள்ளியைத்தான் வைத்திருக்க வேண்டும்.

அந்த வருடம் வாக்களிப்பு நிலையத்தில் உதவியாளராகவும் எடுபட்டுவிட்டேன். வேலை இதுதான்: வாக்காளர் மடித்த சீட்டை நீட்டுவார், நான் வெளிப்பக்கத்தில் சீல் குத்துவேன், அவர் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவார். சீல் இல்லாத சீட்டு செல்லாது. பக்கத்துக் கதிரையில் பெரித் என்ற நோர்வேப் பெண்மணி, அடையாள அட்டை பார்த்துப் பெயரைக் குறிப்பவர். காலை முழுக்க டொக், டொக் என்று குத்தினேன். ஒரு பிழை இல்லை. பிரதமரே வந்தாலும் கதிரையை விட்டு எழும்பமாட்டேன் என்ற எடுப்பில் இருந்தேன்.

மத்தியானம் மாமி வந்தார். பட்டுச்சேலை, அதற்கு மேல் மழைக்கோட்டு, கையில் கடவுச்சீட்டு. மறைப்புக்குள் போய் வெகுநேரம் நின்றுவிட்டு, சீட்டை மடித்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

மாமி நிற்க மருமகன் இருக்கலாமோ? கால் தானாக எழும்பிவிட்டது. கை தானாகச் சீலை மேசையில் வைத்துவிட்டது. இரண்டும் என்னிடம் ஒரு சொல்லுக் கேட்கவில்லை.

"வாங்கோ மாமி, வாங்கோ! பஸ் உடனை கிடைச்சதோ? சாப்பிட்டீங்களோ?"

"ஓம் தம்பி. இதை எங்கை போடுறது?"

"இஞ்சை, இஞ்சை!" பந்திக்கு அழைப்பதுபோல இரண்டு கையாலும் பெட்டியைக் காட்டினேன். பெரித்தும் மாமியின் சேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி கண்ணை மூடிக் கும்பிட்டார். போட்டார். பிறகு இடது கைச் சின்னவிரலை என்னிடம் நீட்டினார்.

"மை பூசுறேல்லையோ?"

"இந்த நாட்டிலை அது இல்லை மாமி."

"அப்ப நான் போட்டதுக்கு என்ன அத்தாட்சி?"

"நான்தான் அத்தாட்சி," என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

அடுத்த ஆள் சீட்டை நீட்டியபோதுதான் மேசையில் கிடந்த சீலைக் கண்டேன். ஐயோ! பெட்டியை ஒருக்காத் திறக்கலாமோ என்று பெரித்திடம் கேட்டேன். கோயில் உண்டியலை உடைக்கக் கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். விசயத்தைச் சொன்னதும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்றார். அதற்குப் பிறகு எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஆறு தரம் தண்ணீர் குடித்தேன். குத்திய சீட்டையே திரும்பவும் குத்தி ஒரு கிழவரிடம் ஏச்சு வாங்கினேன்.

அடுத்த நாள் எங்கள் வீட்டில் பிட்டும் கணவாய்க் கறியும். தொலைக்காட்சியில் முடிவுகள். மாமி அகப்பையால் ஒரு கட்சியின் நிறக்கோட்டைக் காட்டி, "உதுக்குள்ளை ஒண்டு என்ரை," என்று சுமதிக்குச் சொல்லிச் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை நான் அவர் முகத்தில் கண்டதேயில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. பிட்டைத் தள்ளி வைத்தேன்.

"உதுக்குள்ளை இல்லை மாமி," என்று தொடங்கி முழுவதையும் கொட்டிவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, ஊராருக்கெல்லாம் குத்தின கைக்கு என்ரை அம்மாவுக்கு மட்டும் ஏலாமல் போச்சோ?" என்று சுமதி பாய்ந்தாள். மாமி அகப்பையை வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"முதல்முதல் போட்டனான் தம்பி," என்றார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது.

பிறகு போனை எடுத்தார். பஜனைக் கூட்டாளிகள் ஒருவரையும் மிச்சம் விடவில்லை. இரண்டு வருசமாக என் கதையை எடுத்து எடுத்துச் சொன்னார்.

அடுத்து வந்த பாராளுமன்றத் தேர்தலில் (என்னைத் திரும்ப எடுத்ததே பெரித்தின் புண்ணியம்) என் மேசைக்கு முன் வரிசை. முன்னால் மாமி, பின்னால் பதினொரு பெண்கள். என் பிரசங்கத்துக்கு ஒருநாளும் அசையாதவர்கள், என் மானம் போனதைக் கேட்டு வந்திருந்தார்கள். ஒருவரும் சீட்டைக் கையை விட்டு விடவில்லை. ஒரு நுனியை அவர்கள் இறுக்கிப் பிடித்திருக்க, மற்ற நுனியில் நான் குத்தினேன். குத்தியதைக் குனிந்து பார்த்த பிறகுதான் நகர்ந்தார்கள். இது உங்கள் ஆட்களின் வழக்கமோ என்று பெரித் மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன்.

இன்றைக்கும் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் மரியாதைக்கு எழும்ப ஏலாது. என் பிள்ளைகள் இரண்டும் ஓடிவந்து தோளை அமத்திப் பிடிக்குங்கள்.

"அப்பா, எழும்பாதேங்கோ! அம்மம்மாவின்ரை வோட்டுப் போயிடும்!"