கன்னக்கோல் மேஸ்திரி பிடிபட்ட ஞாயிற்றுக்கிழமை

ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் உள்ள அத்தனை வீடுகளிலும் புகுந்து, ஒரு குண்டூசியைக்கூடத் திருடாமல் வெளியே வந்த மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் கன்னக்கோல் மேஸ்திரி. பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

சந்தவாசலில் ஒரு காண்ட்ராக்டரிடம் நான் இன்ஜினியர், அவர் கொத்து மேஸ்திரி. இருவருக்கும் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே வழுக்கை. நான் பிளான் போட்டுக் கொடுத்தால் மற்ற மேஸ்திரிகள் எத்தனை மூட்டை சிமெண்ட் என்று கேட்பார்கள். இவர், "இதுல எந்தப் பக்கமா பூர்றது சார்?" என்பார். கட்டி முடித்ததும் புகுந்தும் காட்டுவார். எங்கள் கிரகப்பிரவேசங்களில் பசுமாடு நுழைவதற்கு முன்பே அவர் உள்ளே இருப்பார். வாசல் வழியாக வந்திருக்க மாட்டார்.

தங்கை மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் கொல்லைப்பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். "பொண்ணு லட்சணமா கீது. பாத்ரூம் ஜன்னலுக்குத்தான் கம்பி இல்ல" என்றார். பெண்ணின் அப்பா மறுநாளே கம்பி போட்டார். அதற்கப்புறம்தான் நிச்சயதார்த்தம்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குற்றம் நடக்க இடம் கொடுக்காதபடி கட்டடத்தை எப்படி வடிவமைப்பது என்று வேலூரில் ஒருமுறை எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி வழி வை, மறைவான மூலை வைக்காதே, இது யாருடைய இடம் என்று பார்த்ததுமே தெரியட்டும் என்றெல்லாம் அருமையாகச் சொன்னார்கள். நாங்களும் தலையாட்டினோம், பிரியாணி சாப்பிட்டோம், சான்றிதழ் வாங்கினோம். ஊருக்குத் திரும்பி அதே பழைய பிளானை எடுத்துச் சுவரை இன்னும் ஓரடி உயர்த்தி வரைந்தோம். பாதுகாப்பு என்றால் எங்களுக்குத் தெரிந்தது உயரமும் இரும்புக் கம்பியும் கண்ணாடிச் சில்லும்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எங்களைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும்.

என் வீட்டையே அப்படித்தான் கட்டினேன். ஏழடி சுவர், இரண்டு பூட்டு. "இதுல நுழைஞ்சு காட்டுங்க பார்ப்போம்" என்று வாய்க்கொழுப்பில் சொல்லித் தொலைத்தேன். ஒரு மத்தியானம் நான் கேட்டருகே காவல் நிற்க, என் மனைவி கூடத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தே நிமிடம். முன்கதவைத் திறந்துகொண்டு உள்ளேயிருந்து வந்தார் மேஸ்திரி. கையில் டம்ளர்.

"மோர்ல உப்பு கம்மி சார்."

"எப்படிங்க வந்தீங்க?"

"சொவரு ஒசரம், அதான் வசதி. ஏறிக் குதிக்கிற வரைக்கும்தான் பயம். குதிச்சிட்டா அக்கம்பக்கத்துல ஒருத்தன் பாக்க முடியுமா? நிதானமா சமையக்கட்டு வெண்டிலேட்டர் கண்ணாடிய ஒவ்வொண்ணா உருவினேன். அடுக்கி வச்சிக்கிறேன், ஒண்ணும் ஒடையல."

என் மனைவி அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் ஒரு வாரம் திட்டு விழுந்தது.

இந்த நிலையில்தான் மலைமேலே நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்று கட்டும் வேலை வந்தது. பழைய விடுதியில் எவனோ பின்சுவர் ஏறிக் குதித்து, காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு போயிருந்தான். பிள்ளைகள் பயந்துபோனார்கள். மலைக்காரர்கள் ஜீப் ஏறி வந்து, "படிப்பும் வோணா ஒண்ணும் வோணா" என்று ஒவ்வொருவராகப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். போன பிள்ளைகள் திரும்பவில்லை. வார்டன் அம்மா எங்களிடம், "சார், நல்லா கட்டிக் குடுங்க. இல்லன்னா சொல்லிக்குடுக்க எனக்குப் புள்ளைங்களே இருக்காது" என்றார்.

எட்டடி சுவர் வரைந்தேன். மேஸ்திரி பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜெயிலுக்கு நல்லா இருக்கும் சார். ஜெயில்ல திருடன் உள்ள இருப்பான். இங்க வெளிய இல்ல கீறான்?"

மூன்று நாள் சண்டை. கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். சுவர் இடுப்பளவு, அதற்குமேல் ஆள் தெரிகிற மாதிரி கம்பி. சமையலறை ஜன்னல் பின்பக்கத்தைப் பார்த்து. துணி காயப்போடும் இடம் அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே. கேட்டுக்கு எதிரில் பலாமரத்தடியில், ஜீப்புக்குக் காத்திருப்பவர்கள் உட்கார ஒரு சிமெண்ட் திண்டு, அதுவும் விடுதியைப் பார்த்தபடி. எங்கள் முதலாளி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கட்டி முடித்துப் பிள்ளைகள் குடிவந்த பிறகு, பெற்றோர் வந்து பார்க்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதாவது படிக்கும் பெண்ணின் அப்பா வெள்ளையன், சுவரைப் பார்த்ததும், "இன்னா சார் இது? என் ஆட்டுப்பட்டி இத விட ஒசரம். பெட்டிய எடுறீ பாப்பா, போலாம்" என்றார். அந்தப் பெண் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, அப்பாவையே பார்த்தாள். அவள் போனால் இன்னும் பத்துப் பேர் போவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

மேஸ்திரி முன்னால் வந்தார். "பெட்டிய உள்ள வைக்கச் சொல்லுங்க. யார் கிட்டயும் சொல்லாதீங்க. ஒரு மணி நேரத்துல நான் பூந்து எடுத்துக்கினு வந்துட்டேன்னா, பொண்ண இட்டுக்கினு போங்க. நான் குறுக்க வர மாட்டேன்."

இந்த ஆள் ஒரு வீட்டிலும் தோற்றதில்லை. ஜெயித்தால் ஒரு பெண்ணின் படிப்பு போச்சு. "வேணும்னே தோத்துடுங்க" என்று காதில் சொன்னேன். முறைத்தார். "அது ஏமாத்து வேலை சார்."

பின்பக்கம் போனார். கம்பியில் கால் வைத்ததுமே, ஜன்னலுக்குள்ளிருந்து, புதிதாக வேலைக்கு வந்த சமையல்கார அம்மா, "யாருப்பா அது? இன்னா வோணும்?" என்றார். சும்மா வழி கேட்டதுபோல நழுவினார். பக்கவாட்டில் முயன்றபோது, திண்டில் புளி தட்டிக்கொண்டிருந்த பெண்கள் நாலு பேரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். "அண்ணா, வாசல் இந்தாண்ட கீது." மூன்றாவதாகத் தன் கைவசமிருந்த பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். தோளில் ஏணி, கையில் பெயிண்ட் டப்பா. வேலைக்காரன் வேஷத்துக்கு எந்த வீடும் திறக்கும் என்பார். திறக்கவும் செய்தது. வராந்தாவைத் தாண்டி, அறைக்குள் போய், பெட்டியைத் தூக்கியும் விட்டார். ஆனால் அறை வாசலிலிருந்து கேட் வரை ஒரு மறைவு கிடையாது. அவர் அப்படித்தான் கட்டியிருந்தார். பெட்டியோடு நாலு எட்டு வைப்பதற்குள் சமையல்கார அம்மா கரண்டியோடும், புளிக்காரப் பெண்கள் கட்டையோடும், துணி துவைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சோப்பு நுரையோடும் சூழ்ந்துவிட்டார்கள். சட்டை கிழிந்தது. முதுகில் இரண்டு அடியும் விழுந்தது.

நான் ஓடிப்போய் விலக்கினேன். மேஸ்திரி சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர். "புடிச்சிட்டாங்க சார். இத்தினி வருசத்துல மொத தபா என்னைப் புடிச்சிட்டாங்க."

வெள்ளையன் பெட்டியை வாங்கிக்கொண்டு போய் மகளின் கட்டிலடியில் தானே வைத்துவிட்டு, அடுத்த ஜீப்பில் தனியாகப் போனார்.

ஜூன் மாதம் தண்ணீர்த் தொட்டி வேலைக்காக நாங்கள் மறுபடி போனபோது, அதே வெள்ளையன் ஜீப்பிலிருந்து இறங்கினார். கூடவே இரண்டாவது மகள், தலையில் புதுப் பெட்டி. ஆறாவதில் சேர்க்க வந்திருந்தார். "பயம் போயிடுச்சா?" என்று வார்டன் அம்மா கேட்டார்.

"அந்த மேஸ்திரியாலயே முடியல. வேற எவனால முடியும்?" என்றார் வெள்ளையன்.

மேஸ்திரி காதில் விழாத மாதிரி கலவையைக் கிளறிக்கொண்டிருந்தார். அன்று முழுக்க ஒரு வரிசை செங்கல்கூட அவர் நேராக வைக்கவில்லை. அந்த மனிதர்மேல் எனக்குள்ள பிரியத்தை நான் இதுவரை அவரிடம் சொன்னதில்லை. பத்திரிகை படிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது என்ற தைரியத்தில் இங்கே சொல்லிவிட்டேன்.