ஆளுக்கு ஒரு செங்கல்

செம்மாபுரி ராஜ்யத்தில் கொலைகாரன் என்று ஒருவன்கூடக் கிடையாது. ஆட்கள் மட்டும் செத்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜாவைக் குறை சொன்னவனை வீட்டுக்குள் வைத்து வாசலைச் சுவரெழுப்பி அடைப்பது அங்கே சட்டம். தெருக்காரர்கள் வரிசையில் வந்து வீட்டுக்கு ஒரு செங்கல் வைக்க வேண்டும். “ஒரு செங்கல்லால் எந்த வாசலும் அடைபடாது. ஆகவே குடிமக்களில் எவரும் குற்றவாளி அல்லர்” என்று மந்திரி விளக்கியபோது சபையே நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

எண்ணெய்க்கடை சோணாசலம் இளகிய மனசுக்காரர். எப்போதும் மூளிக் கல்லாகப் பார்த்து வைப்பார். நம்மால் ஆனது அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. உள்ளே கிடப்பவனுக்கு மூளியென்ன, முழுசென்ன என்று அவர் மனைவி கேட்டால் காது மந்தமாகிவிடும்.

ஒருநாள் எதிர்க்கடை இசக்கிமுத்து, ராஜாவின் புதுச் சிலையைப் பார்த்துவிட்டு, பசியெடுத்த வரித் தண்டல்காரன் மாதிரி இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தார். பருப்பு வியாபாரி, வாய் அடங்காது. மறுநாளே சுவர் எழுந்தது. சோணாசலத்தின் முறை வரும்போது முகமளவு சந்துதான் பாக்கி. அதில் இசக்கிமுத்து தெரிந்தார்.

“என்ன அண்ணாச்சி, மூளிக் கல்லால்லா எடுத்திருக்கீரு? எனக்கும் தள்ளுபடியா?”

எத்தனையோ வருஷம் பேரம் பேசிய குரல். சோணாசலத்தின் கை எழவில்லை. கல்லைக் கீழே போட்டுவிட்டு நடந்தார். பின்னால் நின்ற வளையல்கடை பேச்சித்தாய், அவரே வைக்கலியே என்று தன் கல்லையும் போட்டாள். அப்புறம் வரிசை முழுக்கக் கல் விழுகிற சத்தம்தான். அன்றிலிருந்து அந்தச் சந்து வழியாக யாராவது ஒருவர் தண்ணீரும் சோறும் நீட்டினார். இசக்கிமுத்து பிழைத்துக் கிடந்தார்.

ராஜா பதறினார். மந்திரி பதறவில்லை. “தடுத்தால் வளரும் மகாராஜா. நாமே ஏற்று நடத்துவோம்” என்றார்.

இனி எல்லாச் சுவரிலும் ஒரு கருணைத் துவாரம் உண்டு, தண்ணீர் கொடுக்கக் கருணை அதிகாரி ஒருவர் உண்டு என்று அரசாணை வந்தது. மற்றவர்கள் கொடுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ராஜ்யம் முழுக்க அந்த ஒரே அதிகாரி. அவருக்கு வண்டி இன்னும் ஒதுக்கப்படவில்லை. ஜனங்களுக்கு மகா சந்தோஷம். துவாரம்தான் இருக்கிறதே என்று புதுச் சுவர்களுக்கு நல்ல கல்லாகவே பொறுக்கி வைத்தார்கள்.

முதன்முதலில் சந்து விட்ட சோணாசலத்துக்கு ராஜாவே பட்டுச் சால்வை போர்த்தினார். ஊர்வலம் முடிந்து அவர் தெருவுக்குள் நுழையும்போது துவாரத்திலிருந்து இசக்கிமுத்துவின் குரல் வந்தது. பழைய மிடுக்கு இல்லை.

“அண்ணாச்சி, ஒரு வாய் தண்ணி.”

சோணாசலம் உருகித்தான் போனார்.

“ஆபீசர் வரலியா? அநியாயமால்லா இருக்கு. நாளைக்கே எழுதிப் போடுதேன்.”

பக்கத்திலேயே குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. ஆனால் பட்டுச் சால்வை. ஈரம் பட்டால் சாயம் போய்விடும்.